குயஷீ என்றால் வருத்தம் இல்லை: கோபத்தோடு ஒரு கொல்லிமலைப் பயணம்

கொல்லிமலைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று இந்த வலைப்பதிவில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போய், திங்கட்கிழமை திரும்பினேன். ஆனால் அருவி பார்க்கப் போகவில்லை. என் தோழி ஒருத்தியை நாலு வார்த்தை திட்டி, மலையிலிருந்து கையோடு இறக்கிக் கூட்டிவரப் போனேன். எனவே இந்தக் கட்டுரையில் பஸ் விவரமும் இருக்கும், கோபமும் இருக்கும். பஸ் விவரம் மட்டும் போதும் என்பவர்கள் கோபத்தைத் தாண்டிப் படித்துக்கொள்ளலாம். என் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

முதலில் தோழியைச் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் ஒரு முறையாவது ஜப்பானைச் சுற்றிவிட வேண்டும் என்ற ஆசையில் சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். என் பக்கத்து நாற்காலி மல்லிகாவுடையது. கொல்லிமலையில் திருப்புலி நாடு என்கிற ஊராட்சிப் பக்கம் அவள் ஊர். நர்ஸ் படிப்பு முடித்து, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். எனக்கு அந்த மொழி ஊர் சுற்ற. அவளுக்கு அது பிழைப்பு. எங்கள் பயிற்சி நிலையம் வழியாகத்தான் ஜப்பானிய முதியோர் இல்லங்கள் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கின்றன.

அந்தச் சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்பு மல்லிகாவுக்கு வீடியோ வழியாக முதல் நேர்காணல். ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள் என்று அங்கிருந்து ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார். மல்லிகா தன் அம்மா இறந்ததைச் சொல்லி, கடைசியில் "குயஷிகத்தா தெஸ்" என்றிருக்கிறாள். உடனே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சி நிலைய ஒருங்கிணைப்பாளர், பதறிப்போய்க் கையை உயர்த்தி, "மன்னிக்கணும், கானோஜோ வா கனஷீ தெஸ்" என்று திருத்தியிருக்கிறார். அதாவது, 'அவள் சோகமாக இருக்கிறாள்' என்று.

இங்கே அந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கனஷீ என்றால் சோகம். மல்லிகா சொன்ன குயஷிகத்தாவின் மூலச்சொல்லான குயஷீ வேறு சாதி. ஒரே ஒரு ரன்னில் தோற்று மைதானத்தை விட்டு வெளியே வருகிறவனிடம் கேட்டால் குயஷீ என்பான். இரவு பகலாகப் படித்து ஒரு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவளும் அதையே சொல்வாள். ஜெயித்திருக்க வேண்டியது, என்னால் முடிந்திருக்க வேண்டியது, முடியாமல் போய்விட்டதே என்று நெஞ்சுக்குள் கொதிப்பது அது. அதில் கோபம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது, யாரைத் திட்டுவது என்று தெரியாத தவிப்பும் இருக்கிறது. வயிற்றெரிச்சல் என்று மொழிபெயர்க்கக் கூடாது, அது அடுத்தவன் வாழ்வதைப் பார்த்து வருவது. ஆற்றாமை என்று சொல்லலாம், ஆனால் நம் ஆற்றாமை சோர்ந்துபோய் உட்கார்ந்துவிடும். குயஷீ உட்காராது.

ஒருங்கிணைப்பாளருக்கு இந்த விளக்கம் எதுவும் வேண்டாம். நேர்காணல் முடிந்ததும் மல்லிகாவை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். அது சண்டைக்காரன் பேசுகிற வார்த்தை, கோபக்காரியைக் கொண்டுபோய் வயசானவர்கள் பக்கத்தில் யார் விடுவார்கள் என்றார். அடுத்த சுற்று திங்கட்கிழமை, அதில் ஒழுங்காக கனஷீ என்று சொல்வதாக இருந்தால் வா, இல்லாவிட்டால் உன் பெயரை எடுத்துவிடுவேன் என்றார். மல்லிகா மருத்துவமனையில் லீவு சொல்லிவிட்டு மலையேறிவிட்டாள். போன் சுவிட்ச் ஆஃப்.

எனக்கு அவர் மேலும் கோபம், அவள் மேலும் கோபம். ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்துவிட்டு வேலையை வாங்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவள் அவள். இரண்டு வருஷ உழைப்பை ஒரு சொல்லுக்காக யாராவது தூக்கி எறிவார்களா? சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் சேலம் புதிய பஸ் நிலையத்தில் நின்றேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் ஒன்றேகால் மணி நேரம். நாமக்கல்லில் செம்மேடு போகிற பஸ் பிடிக்க வேண்டும். செம்மேடுதான் மலைமேல் உள்ள முக்கிய ஊர். தூரம் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், நேரம் இரண்டரை மணி. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். சேந்தமங்கலம் தாண்டி காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் கொஞ்சம் நிற்கும். டீ குடிக்காதீர்கள். நான் குடித்துவிட்டு, காரவள்ளி அடிவாரத்திலிருந்து தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டே போனேன். ஜன்னலோரம் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. வளைவிலேயே காரை நிறுத்திவிட்டு நாலு பையன்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் திரும்ப வழியில்லை. ஹாரன் அடித்துப் பார்த்த டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, இது ரோடுங்களா, உங்க ஊட்டு மொட்டமாடிங்களா?"

"டூ மினிட்ஸ்ண்ணா," என்று ஒருவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

நான் இறங்கிவிட்டேன். என்ன பேசினேன் என்பதை எழுதினால் இந்தப் பதிவைக் குழந்தைகள் படிக்க முடியாது. கார் நகர்ந்தது. திரும்ப ஏறும்போது கண்டக்டர், "டென்சன் ஆவாதீங்க மேடம், ஞாயித்துக்கெழம வந்து பாருங்க, இதவிட ஜோரா இருக்கும்," என்றார். ஆகவே தோழர்களே, விடுமுறை நாட்களில் போகாதீர்கள். போனாலும் வளைவில் நிறுத்தாதீர்கள்.

செம்மேட்டிலிருந்து மல்லிகாவின் ஊர்ப் பக்கம் மினி பஸ் இருக்கிறது, எப்போதாவது. நான் ஷேர் ஜீப்பில் முப்பது ரூபாய் கொடுத்துப் போய், கூட்டுரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். அருமையான தார் ரோடு. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, சரிவில் சாமை வயல். மலைக்கிராமத்துக்கு இவ்வளவு நல்ல ரோடா என்று ஆச்சரியப்பட்டு, நாலைந்து படம் எடுத்தேன். இந்தப் பதிவின் முகப்பில் போடலாம் என்று ஒன்றைத் தனியாக எடுத்தும் வைத்தேன்.

மல்லிகாவின் அப்பா வாசலில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். யார், எவர் என்று கேட்கும் முன்பே, "வாங்க கண்ணு, பஸ்ஸுல வாந்தி கீந்தி வந்துச்சுங்களா?" என்று கேட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். என் முகம் அந்த லட்சணத்தில் இருந்திருக்கிறது. மகள் காட்டில் இருப்பதாகக் கை காட்டினார்.

மல்லிகா குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஏறியது.

"போனை ஏன்டி ஆஃப் பண்ணி வெச்ச? உன் பேரை இன்னும் எடுக்கல. திங்கட்கிழமை உனக்கும் இன்டர்வியூ இருக்கு. அது தெரியுமா உனக்கு?"

"எடுத்துருவாருன்னு நெனச்சேனுங்க்கா."

"எடுக்கல. நான் நேத்து போன் போட்டுக் கேட்டேன். வா, வந்து கனஷீன்னு சொல்லிட்டு வேலையை வாங்கு. அங்க போய் உன் இஷ்டத்துக்கு எந்த வார்த்தை வேணும்னாலும் பேசு. அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது, நீ வருத்தப்பட்டியா கோபப்பட்டியான்னு? எல்லாம் ஒண்ணுதான்."

அவள் கிழங்கை மண் உதறிப் போட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"ஒண்ணு இல்லீங்க்கா. உக்காருங்க, சொல்றேன்."

வரப்பில் உட்கார்ந்தோம். அம்மா இறந்ததை அதுவரை அவள் எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"அம்மாவுக்கு வாய் கோணுனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க்கா, பக்கவாதம்னு. அப்ப நான் நர்ஸ் படிப்புல கடைசி வருசம், லீவுக்கு வந்திருந்தேன். சீக்கிரமா ஆஸ்பத்திரி கொண்டு போயிட்டா பொழைக்க வெச்சுரலாம்னு பரிட்சையில எழுதியிருக்கேன். நல்ல மார்க்கு. வெளிய மழ. ஜீப்பு வந்து பாதி வழியில சேத்துல மாட்டிக்கிச்சு. கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு நடந்தோம். நான் அம்மா கையப் புடிச்சு நாடி பாத்துட்டே வந்தேன். என்ன பண்ணோணும்னு எனக்குத் தெரியும். பண்றதுக்கு கையில ஒண்ணுமில்ல. மெயின் ரோட்டுக்குப் போறதுக்குள்ள நின்னுபோச்சு."

வரப்பில் இருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டே கேட்டேன்.

"அழுவலீங்க்கா. பல்லக் கடிச்சுட்டு நின்னேன். எல்லாரும் வந்து வருத்தப்படாத, வருத்தப்படாதன்னாங்க. எனக்கு வருத்தம் இல்ல. அந்தக் கட்டில ஒதைக்கோணும்னு இருந்துச்சு. படிச்ச புத்தகத்தக் கிழிக்கோணும்னு இருந்துச்சு. அதுக்கு எனக்கு ஒரு வார்த்த கெடைக்கல, வகுப்புல மேடம் குயஷீ சொல்லிக் குடுத்த அன்னிக்கு வரைக்கும். அதுக்காகத்தான் அந்த வேலைக்குப் போறேன். ஒருத்தர் கெடக்கறப்ப என் கையில வேண்டிய மருந்து இருக்கோணும். அந்த வார்த்தைய எடுத்துட்டு அந்த எடத்துல அழுவாச்சிய வெக்கச் சொன்னா எப்படிங்க?"

பிறகு, ஞாபகம் வந்தவளாக, "நீங்க நடந்து வந்தீங்களே ரோடு, அது அம்மா போயி நாலாம் மாசம் போட்டது. அதுக்கு முந்தி அஞ்சாறு தடவ வந்து அளந்துட்டு மட்டும் போனாங்க," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ரோட்டைத்தான் நான் ரசித்துப் படம் எடுத்திருக்கிறேன். அந்தப் படம் இந்தப் பதிவில் இல்லை, அதற்குக் காரணம் இதுதான். அவளைத் திட்ட வந்தவள் அதன் பிறகு அவளைத் திட்டவில்லை. அன்று சாப்பிட்ட சாமைச் சோறும் கீரைக் குழம்பும் மிக நன்றாக இருந்தன என்பதைக் கடமைக்குச் சொல்லி வைக்கிறேன்.

மறுநாள் காலையில் மல்லிகா, "வாரேனுங்க்கா, இன்டர்வியூ பண்றேன். ஆனா வார்த்தைய மாத்த மாட்டேன். வேல கெடைக்காட்டிப் போவுது," என்றாள். போகட்டும் என்று அவள் சொன்னாளே தவிர, அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. வகுப்புக்குக் கட்ட அப்பா ஒரு மாட்டை விற்றிருக்கிறார். அவர் மிளகைப் புரட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். மல்லிகா வருவாள், அவளை அவள் போக்கில் பேச விடுங்கள் என்றேன்.

"மேடம், நம்ம ஊர்லயே பெரியவங்க மேல கோபம் வந்தா 'கோபம்'னா சொல்றோம்? 'சார் மேல எனக்கு ஒரு வருத்தம்'னுதானே சொல்றோம். அதைத்தான் நான் ஜப்பானீஸ்ல சொன்னேன். என்ன தப்பு?"

யோசித்துப் பாருங்கள், அவர் சொல்வது உண்மைதான். நாம் அப்படித்தான் பேசுகிறோம். சம்பளம் தராத முதலாளி மேல் வருத்தம், சொத்தை அமுக்கிய அண்ணன் மேல் வருத்தம். கீழே இருக்கிறவனுடைய கோபத்துக்கு நம் ஊர் கொடுத்திருக்கும் மரியாதையான பெயர் வருத்தம். அந்த வருத்தத்தை அகராதியில் தேடினால் கனஷீ வரும். தமிழ் தெரிந்தவனைத் தவிர வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. முந்தின நாள் வரப்பில் நின்று நானும் அதையேதான் செய்தேன்.

ஆனால் அவர் செய்த இன்னொரு தப்புக்கு மன்னிப்பே கிடையாது, ஏனென்றால் அது பாடத்திலேயே இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ஒரு விதி உண்டு. என் மனசு எனக்குத் தெரியும், அதனால் 'எனக்கு குயஷீ' என்று நான் சொல்லலாம். உங்கள் மனசுக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை. அதனால் 'அவருக்கு குயஷீ', 'அவருக்கு கனஷீ' என்று அடித்துச் சொல்லக் கூடாது. அப்படித் தெரிகிறது, அப்படி நடந்துகொள்கிறார் என்று ஒரு வால் சேர்த்து, 'குயஷிகத்தே இமாஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவர் மனசில் இருப்பதை நேராகச் சொல்ல அந்த மொழியில் இடமே இல்லை. இவரோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் சோகமாக இருக்கிறாள் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். இதைத்தான் அவரிடம் சொன்னேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"நீங்க டூருக்குப் படிக்கிறீங்க மேடம். நான் பொழப்புக்கு நடத்துறேன்," என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை செம்மேட்டில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். நல்ல சிக்னல், எண்ணூறு ரூபாய், வெந்நீர் மட்டும் கேட்டால்தான் வரும். என் போனைச் சொம்பு மேல் சாய்த்து வைத்தோம். திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் மல்லிகா, ஒன்றில் நரைத்த குட்டை முடி வைத்த அந்த ஜப்பானிய அம்மையார், மூன்றாவதில் சேலத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர். நான் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஊர், படிப்பு, உடல்நிலை என்று கேட்டுவிட்டு அம்மையார் பழைய கேள்விக்கே வந்தார். போன முறை நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். மல்லிகா மழையைச் சொன்னாள், கட்டிலைச் சொன்னாள், நாடியைச் சொன்னாள். நிறுத்தி, தெளிவாக, "குயஷிகத்தா தெஸ்," என்றாள்.

"கானோஜோ வா..." என்று மூன்றாவது கட்டம் ஆரம்பித்தது.

மல்லிகா தமிழில் சொன்னாள். "சார், அது என்னோடதுங்க. நான் சொல்லிக்கிறேன். நீங்க செத்த பேசாம இருங்க."

குரல் உயரவே இல்லை. அதற்குள் சிக்னல் சிக்கி, அம்மையாரின் முகம் பாதி கண் மூடிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. கோபப்பட்டுவிட்டாரா, எழுந்து போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. நான் போனைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். முகம் அசைந்தது. அவர் கேட்டார்:

"இமா மோ?" இப்போதும்கூடவா?

"ஹாய்," என்றாள் மல்லிகா. "இமா மோ, குயஷீ தெஸ்." ஆமாம். இப்போதும்தான்.

அம்மையார் தலையை மெதுவாகக் குனிந்து நிமிர்ந்தார். புரிந்தது என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

இனி நடைமுறைக் குறிப்புகள். வளைவுகள் வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் முள்ளுக்குறிச்சி வழி மலைப்பாதையை விசாரித்துக்கொள்ளுங்கள், வளைவு குறைவு. ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகிற படிகள் ஆயிரத்துக்கு மேல், ஏறும்போதுதான் அது தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிளகு வாங்குவதாக இருந்தால் சோளக்காடு சந்தையில் விளைவிக்கிறவர்களிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள், கீழே அதே மிளகுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் வந்த வழியே கொண்டு போங்கள். மலைக்காரர்களைப் பார்த்து, கவலையே இல்லாத மக்கள் என்று எழுதாதீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜப்பானியம் படிப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. குயஷீயை உங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முயற்சியே செய்யாத காரியத்துக்குச் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள். யாராவது அதை உங்களிடம் சொன்னால் ஆறுதல் சொல்லக் கிளம்பாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

மல்லிகாவுக்கு வேலை கிடைத்தது. பத்து நாளில் தகவல் வந்தது. இங்கேயே முடித்திருப்பேன், நேற்று வகுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால்.

நேற்று இருவரும் ஒன்றாகத்தான் போனோம். பயிற்சி நிலைய வாசலில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே பெரிய ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஒருங்கிணைப்பாளர் கைகூப்பிச் சிரிக்கிறார். மறுபக்கம் சின்னதாக மல்லிகா, கன்னத்தில் கணினியில் வரைந்து ஒட்டிய ஒரு சொட்டுக் கண்ணீரோடு. கீழே, 'தாயை இழந்த கண்ணீரைச் சேவையாக்கி ஜப்பான் செல்லும் மலைமகள்' என்று எழுதியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். மல்லிகாவின் விசா காகிதங்கள் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கின்றன, அவர் கையெழுத்து போட்டால்தான் நகரும். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"இதக் கழட்டிருங்க சார்," என்றாள் மல்லிகா.

"ஏம்மா, நல்ல விஷயந்தானே. இதுக்குப் போய் யாராவது வருத்தப்படுவாங்களா?"

"வருத்தமெல்லாம் இல்லீங்க சார்," என்று சொல்லிவிட்டுப் பையை என்னிடம் கொடுத்தாள். பக்கத்து டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கயிற்றின் முதல் முடிச்சு இறுகிக் கிடந்தது, விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.